இரண்டு பானை, ஒரு சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரசின் கணக்கெடுப்புகள் பலவும் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. எல்லா வீட்டுக் கதவையும் தட்டாமல், சில வீடுகளில் மட்டும் கேட்டு மாவட்டத்தின் நிலையைச் சொல்கிறார்கள். முறை தவறல்ல. ஆனால் பானை ஒன்றாக இருக்க வேண்டும். நம் கிராமங்களில் ஊர் ஒரு பானை, காலனி இன்னொரு பானை.

2018இல் ஒன்றிய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலை அறிவித்தபோது தமிழகத்திலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன. நலவாழ்வு, கல்வி, குடிநீர் என்று எல்லாவற்றையும் எண்களால் அளக்கும் திட்டம் அது. அப்படியானால் அந்த எண்களைப் படிக்க நமக்கும் தெரிய வேண்டும்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகம் முழுவதும் ஏறக்குறைய 28,000 வீடுகளில் கேட்டார்கள். 32 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகூட வராது. 900 வீடு என்றே வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு ஒரு குறை இருப்பதாகக் கணக்கு வந்தால், உண்மை 47 முதல் 53 சதவீதத்துக்குள் இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். நம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த 900இல் அவர்கள் வீடு 180தான் இருக்கும். அவர்களை மட்டும் தனியே கணக்கிட்டால் அந்த இடைவெளி 43 முதல் 57 வரை அகன்றுவிடும். மாவட்ட அறிக்கையிலோ சாதிவாரிப் பிரிவே கிடையாது. காலனியின் நிலை மாவட்டச் சராசரிக்குள் கரைந்துபோகிறது.

இது மாதிரிப் பிழை. கூடுதல் வீடுகளில் கேட்டால் குறையும். இன்னொரு பிழை உண்டு. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவிட்டால் நூறு முறை நிறுத்தாலும் எடை தப்பாகத்தான் வரும். இதைச் சாய்வுப் பிழை எனலாம். எத்தனை வீட்டில் கேட்டாலும் இது தீராது.

பட்டாசுக்கு வீட்டில் காகிதக் குழாய் சுற்றும் பெண்ணிடம் "என்ன வேலை?" என்று கேட்டால், "வீட்டுலதான் இருக்கேன்" என்பார். கூலிக்கு உழைத்தும் அவர் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார். நாளை நலவாரியமும் காப்பீடும் பேசப்படும்போது, அவர் இல்லாத எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். அதே தெருவில் அதே தீண்டாமையைச் சுமக்கும் கிறித்தவத் தலித் அந்த எண்ணிக்கையில் இல்லை. இங்கே பிழை எண்ணுவதில் இல்லை, யாரை எண்ணுவது என்ற வரையறையில் இருக்கிறது.

வன்கொடுமைக் கணக்கும் அப்படித்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளை. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பிய காவல் நிலையத்தின் எல்லை அந்தப் பட்டியலில் அமைதிப் பூங்காவாகத் தெரியும். வழக்குகள் கூடிய இடத்தில் கொடுமை கூடியிருக்கலாம், புகார் கொடுக்கும் துணிவும் கூடியிருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால்தான் வழக்குக் குறைவு என்ற ஒரே காரணத்தைக் காட்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவையில்லை என்பவர்களின் வாதம் நிற்காது.

2011க்குப் பிறகு தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு, எல்லாச் சாதிகளையும் பதியும் கணக்கெடுப்பாக அறிவிக்கப்பட்டுள்ளது. எல்லா வீட்டுக்கும் வருவதால் மாதிரிப் பிழை இருக்காது. சாய்வுப் பிழை இருக்கும். அதைக் குறைப்பதில் நமக்கும் பங்குண்டு. கணக்கெடுப்பாளர் வரும் நாளில் படித்த பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா குழாய் சுற்றினால் அதை வேலை என்றே சொல்லவையுங்கள். சாதிப் பெயர் சான்றிதழில் உள்ளபடி பதியப்படுகிறதா என்று கேளுங்கள். தெருக்கோடியில் விடுபட்ட வீடு இருந்தால் கையோடு கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பதியாமல் போனவருக்கு நிதி ஒதுக்க எந்த அரசும் வராது.