ஒரு நரம்பணுவிடம் கேட்ட கேள்வி



ஆசிரியர் ஒரு வினாவை வகுப்பில் எழுப்ப, எல்லோரும் ஒருமித்துக் கூவினால், எவன் என்ன விடை சொன்னான் என்று அறிய முடியுமா? பல்லாண்டு தலைமையாசிரியனாக இருந்த எனக்கு அந்தத் தொல்லை நன்கு தெரியும். மூளையை ஆராய்ந்தோருக்கும் இதே தொல்லை இருந்தது.

ஒரு நரம்பணு வெளிவிடும் வேதிப்பொருளே அடுத்த நரம்பணுவைத் தூண்டுகிறது. அப்பொருள் யாது? ஐயத்துக்குரிய பொருளை இரத்தத்திற் செலுத்தினால் அது எங்கும் பரவிவிடும். எந்த அணு விடையிறுத்தது என்பது விளங்காது.

இதற்கு ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், தேசியப் பல்கலைக்கழக அறிஞர்கள் 1950களின் பிற்பகுதியில் ஒரு நுண்கருவியைக் கையாண்டனர். ஐந்து கண்ணாடிக் குழாய்களை ஒன்றாக இணைத்து, சூடேற்றி இழுப்பார்கள். முனை சில மைக்ரான் அளவே இருக்கும். மயிரிழை அதனினும் பன்மடங்கு பருமன். நடுக்குழாயில் உப்புக் கரைசல். அது நரம்பணுவின் மின்துடிப்பைக் கேட்கும் செவி. சுற்றியுள்ள குழாய்களில் மருந்துக் கரைசல்கள்.

மருந்தை வெளியேற்றுவது மின்னோட்டமே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அன்றோ? எதிர்மின்னூட்டம் கொண்ட குளூட்டமேட்டை எதிர்மின்னோட்டம் வெளியே தள்ளும். மின்னோட்டத்தைத் திருப்பினால் அது குழாய்க்குள்ளேயே தங்கும். அணுவைத் தூண்டியது மருந்தா, மின்னோட்டமா என்ற ஐயம் எழலாம். வெறும் உப்புக் கரைசல் நிரம்பிய குழாயில் அதே மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தால் அது தீரும்.

மயக்கமூட்டப்பட்ட பூனையின் தண்டுவடத்தில் கர்ட்டிஸ், ஃபில்லிஸ், வாட்கின்ஸ் ஆகிய மூவரும் இவ்வாறு ஆராய்ந்தனர். குளூட்டமேட் பட்டதும் நரம்பணுக்கள் விரைந்து துடித்ததை 1959இல் அறிவித்தனர். ஆயினும், அது இயற்கையில் செய்தி சுமக்கும் பொருளாக இராது என்றே கருதினர். சோதித்த அணுக்கள் ஏறக்குறைய யாவுமே அதற்கு இணங்கின. செய்திப் பொருளாயின் சிலவற்றை மட்டுமன்றோ தேர்ந்து தூண்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

பின்னர், குளூட்டமேட்டை ஏற்கும் தனி ஏற்பிகளும், அவற்றைத் தடுக்கும் மருந்துகளும் கண்டறியப்பட்டன. அப்பணியில் முன்நின்றவர் அதே வாட்கின்ஸ். மூளையில் தூண்டும் செய்தியைச் சுமக்கும் தலையாய பொருள் குளூட்டமேட்டே என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை.

கருவி அன்று சொன்னது சரியே. அதிலிருந்து கொண்ட முடிவுதான் பிழைபட்டது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கண்டதை ஒரு பக்கத்திலும், கருதியதை வேறு பக்கத்திலும் எழுதப் பழகுங்கள். பிற்காலத்தில் கருத்தைத் திருத்த நேர்ந்தாலும், கண்டது நின்று உதவும்.