இல்லத்தில் பாடலைப் பதிவு செய்ய ஏற்ற ஒலிவாங்கி எது?

பிள்ளைகளின் இன்குரலும், பாட்டியரின் தாலாட்டும் நம் இல்லங்களின் அருஞ்செல்வங்கள். அவற்றைப் பதிவு செய்ய ஒரு காலத்தில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களை நாட வேண்டியிருந்தது. இன்றோ கணிப்பொறியும் கைப்பேசியும் அப்பணியை வீட்டிற்கே கொணர்ந்துவிட்டன. நல்ல ஒலிவாங்கி ஒன்றே எஞ்சிய தேவை. விலை உயர்ந்ததே சிறந்தது எனக் கருதிக் கடன்பட்டு வாங்குவோரும் உளர். வருவாயை எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு அது வேண்டாத சுமை.

இரு வகைகள்

பாடகர் பயன்படுத்தும் ஒலிவாங்கிகள் பெரும்பாலும் இரு வகையுள் அடங்கும். முதலாவது டைனமிக். இதில் மெல்லிய சவ்வுடன் இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தினுள் அசைந்து மின்னலையை எழுப்புகிறது. உறுதியானது, வெளி மின்சாரம் வேண்டாதது. மேடைகளில் நாம் காணும் ஷூர் எஸ்.எம்.58 இவ்வகையினது, 1966 முதல் விற்பனையில் உள்ளது.

இரண்டாவது கண்டென்சர். மின்னேற்றம் பெற்ற தகட்டின் முன் நுண்ணிய சவ்வு அதிர்வதால் இது செயற்படுகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படுபவற்றுள் பலவற்றிற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் அளிக்க வேண்டும். மிக மெல்லிய ஓசையையும் இது தெளிவாகப் பற்றிக்கொள்ளும்.

அது நன்மையன்றோ எனலாம். அமைதியான கூடத்தில் நன்மையே. நம் வீடுகளிலோ சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் ஒலியைத் திருப்பி எறிகின்றன. மின்விசிறி சுழல்கிறது, குக்கர் விசிலடிக்கிறது, தெருவில் பேருந்து அலறுகிறது. தள்ளி நின்று பாடும் கண்டென்சரில் இவையனைத்தும் பாடலோடு பதிவாகிவிடும். டைனமிக் ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பாடுவதால் குரல் ஓங்கி, அறையின் ஓசை தாழ்ந்து நிற்கும். ஆகவே, சாதாரண வீட்டிற்கு டைனமிக்கே ஏற்றது.

இதனைத் தாழ்ந்த இனமாகக் கருதவும் வேண்டா. 1982இல் வெளிவந்த ‘திரில்லர்’ இசைத்தொகுப்பில் மைக்கேல் ஜாக்சனின் குரல் பெரும்பாலும் ஷூர் எஸ்.எம்.7 என்னும் டைனமிக் ஒலிவாங்கியிலேயே பதிவாயிற்று.

வாங்கும்போது

எஸ்.எம்.58 போன்றவற்றைக் கணிப்பொறியுடன் நேரே இணைக்க இயலாது. இடையே ஆடியோ இண்டர்ஃபேஸ் எனும் சிறு பெட்டி வேண்டும். அதன் விலையையும், தாங்கி, கம்பி ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுக. அது இயலாதெனில், சாம்சன் கியூ2யூ போன்று யூ.எஸ்.பி., எக்ஸ்.எல்.ஆர். ஆகிய இருவகை இணைப்பும் கொண்ட டைனமிக் ஒலிவாங்கியைத் தேர்க. இன்று கணிப்பொறியில் நேரே இணைக்கலாம். பின்னாளில் பெட்டி வாங்கினாலும் இதுவே பயன்படும். புகழ்பெற்ற கருவிகளுக்குப் போலிகள் பல உலவுவதால், நம்பகமான கடையில் பற்றுச்சீட்டுடன் வாங்குவதே அறிவுடைமை.

அறையைப் பண்படுத்துக

கருவிக்குச் செலவிடுமுன் அறையின் நடுவே நின்று கைதட்டிப் பாருங்கள். ஓசை கணீரென மீண்டு ஒலித்தால், எந்த ஒலிவாங்கியும் அக்குறையை மறைக்காது. பாடுபவரின் முதுகுப்புறம் கொடி கட்டி, தடித்த ஜமுக்காளத்தையோ போர்வைகளையோ தொங்கவிடுக. தரையில் பாய் விரித்திடுக. துணிமணிகள் நிறைந்த சிற்றறை இன்னும் நன்று. பாடும் சில நிமிடங்கள் மட்டும் மின்விசிறியை நிறுத்துக. இந்த ஒலிவாங்கிகள் முன்புற ஒலியையே மிகுதியாக ஏற்பவை; ஆதலின் அவற்றின் பின்புறம் சன்னலை நோக்கியிருக்கட்டும்.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி போதும். மிக நெருங்கினால் கீழ்க்குரல் தடித்துவிடும். ‘ப’கரம் வெடித்து ஒலிப்பதைத் தடுக்க, பூவேலை வளையத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டி முன்னே வைக்கலாம். உச்சக் குரலிலும் ஒலியளவு சிவப்புக் கோட்டைத் தொடலாகாது. ஒலியளவுமானியில் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்பது பாதுகாப்பு. உடைந்து பதிவான குரலை முற்றிலும் சீராக்க இயலாது.

இறுதியாக ஒன்று. பணம் சேரும்வரை காத்திருந்து, முதியோரின் பாடலைத் தள்ளிப்போட வேண்டா. போர்வை தொங்கும் அமைதியான அறையில் கைப்பேசியை ஒரு சாண் தொலைவில் வைத்து இன்றே பதிவு செய்க. நல்ல ஒலிவாங்கியை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்; பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.