தண்டவாளத்தில் படுத்தவர் தடம் திறந்தார்!

"அரசுப் பேருந்தால் இழப்பு! தனியாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!" என்று அறிவுரை வழங்கும் மேதாவிகள் நாட்டிலே எப்போதும் உண்டு. குளிர்ந்த அறையில் அமர்ந்து கூட்டிக் கழிக்கும் அந்தக் கணக்கர்களைத் தஞ்சைத் தரணிக்கு அழைக்கிறோம். வயல் வரப்பிலே நின்று கணக்குப் பார்ப்போம், வாரீர்!

1953 ஜூலை 15. கல்லக்குடிக்கு டால்மியாபுரம் என்று பெயர் சூட்டியதை எதிர்த்துத் தண்டவாளத்தில் படுத்தார் ஓர் இளைஞர். திருக்குவளையில் 1924-இல் பிறந்து, திருவாரூரில் படித்த கருணாநிதி அவர்! சிறை அவரை வரவேற்றது. மக்களும் வரவேற்றார்கள். 1957-இல் குளித்தலை அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962-இல் காங்கிரசின் பரிசுத்த நாடாரைத் தோற்கடித்துத் தஞ்சை அனுப்பியது. 1967-இல் பேரறிஞர் அண்ணா அமைத்த அமைச்சரவையில் பொதுப்பணியும் போக்குவரத்தும் அவர் பொறுப்பாயின. ரயிலை மறித்த கை, பேருந்துக்கு வழி வகுக்கும் கையாயிற்று!

சென்னை நகரில் 1947-லேயே அரசுப் பேருந்து ஓடத் தொடங்கிவிட்டது. மாவட்டங்களின் நிலை என்ன? தடம் முதலாளியின் சொத்து. வசூல் கொட்டும் ஊருக்கு வண்டி. கூலிக்காரன் குடியிருக்கும் ஊருக்குக் கால்நடைதான்! இதை மாற்ற, நெடுந்தொலைவுத் தடங்களை நாட்டுடைமையாக்கத் தொடங்கினார் அமைச்சர் கலைஞர். "அரசுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று ஏகடியம் பேசினார்கள். ஓட்டிக் காட்டினார்!

1969 பிப்ரவரியில் அண்ணாவை இழந்தோம். முதலமைச்சர் பொறுப்பேற்ற கலைஞர், தொடங்கிய பணியைப் பாதியில் விடவில்லை. 1971-இலும் 1973-இலும் சட்டங்கள் வந்தன. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், நம் குடந்தையில் சோழன் என 1972-இல் கழகங்கள் எழுந்தன. வழக்கு மன்றம் ஏறினார்கள் வண்டி முதலாளிகள். 1973-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று 1983-இல் உச்சநீதிமன்றமே உரைத்தது. 1997-இல் பெயர்கள் மாறி எல்லாமே அரசுப் போக்குவரத்துக் கழகங்களாயின. பெயர்தான் மாறிற்று, உடைமை மாறவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். நடவு நடவும் களை பறிக்கவும் ஊர்விட்டு ஊர் செல்லும் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கூலியிலே மிஞ்சிய காசு உலையிலே அரிசியாயிற்று. பிள்ளை கையிலே நோட்டாயிற்று. நடத்துநர் பையில் விழாத இந்த வரவை எந்தக் கணக்கன் எழுதினான்? வண்டிகள் முதலாளிகளிடமே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? ஒவ்வொருவர் வாசலிலும் அரசு காத்து நிற்க வேண்டியிருந்திருக்கும். ஒரே கையெழுத்தில் முடிந்ததற்குக் காரணம், 1967-இல் ஓர் அமைச்சர் போட்ட அடித்தளம்!

புகழ் பாடி முடித்துவிட நாம் விரும்பவில்லை. 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஓய்வுபெற்றோரின் அகவிலைப்படி நிலுவை அவற்றின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. பேருந்து மக்கள் சொத்து என்றால், அதை ஓட்டிக் களைத்தவனுக்குத் தர வேண்டியதும் மக்கள் கடனே! எந்த ஆட்சியானாலும் அந்தக் கடனைத் தள்ளிப்போடுவது கலைஞருக்குச் செய்யும் சிறப்பாகாது. அதை உரிமையோடு சொல்ல நமக்கு வாயுண்டு. சொல்லாமல் இருந்தால் அது நன்றியுமல்ல, கழகப் பண்புமல்ல.

தோழனே! தேநீர்க் கடையிலே எவரேனும் "இழப்பு" என்று இழுத்தால் சினம் கொள்ளாதே. நாற்றுமுடி சுமந்து இறங்கும் ஒரு தாயைக் காட்டு. "இவர் இறங்கும் இடம் வரைக்கும் வண்டி வர வேண்டும், அதுதான் எங்கள் லாபம்" என்று சொல்!