அம்பாசிடருக்கு மாற்று என்ஜின்!
பழைய உடம்பு; புதிய வேகம்

அம்பாசிடர் காரைத் தெரியாதவர் உண்டா?

உருண்டையான முகம். அகலமான வயிறு. உள்ளே ஏறினால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது போல இடம். மந்திரி போனதும் அதில்தான். மாப்பிள்ளை அழைப்புக்குப் போனதும் அதில்தான். பிரசவ வலி கண்ட பெண்ணை நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதில்தான்.

கொல்கத்தாவுக்கு அருகே உள்ள உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1957-ம் ஆண்டு இந்தக் காரைச் செய்யத் தொடங்கியது. 2014-ம் ஆண்டு மே மாதம் நிறுத்தியது. இடையில் 57 ஆண்டுகள்! அதற்குள் முகப்புக் கம்பிகள் மாறின. விளக்குகள் மாறின. உடம்பு மட்டும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

ஆனால், பானெட்டுக்கு அடியில் இருந்த என்ஜின் மாறியது. ஒரு தடவை அல்ல, பல தடவை! தொழிற்சாலையே மாற்றியது. தொழிற்சாலை மாற்றித் தராத கார்களுக்கு, ஊர் ஊராகப் பட்டறைகளில் மாற்றினார்கள்.

பழைய காரில் புதிய என்ஜினை வைப்பது அவ்வளவு சுலபமா? அதில் என்ன ஆபத்து? சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா?

கதவு எங்கே?

அம்பாசிடரின் உடம்பு இங்கிலாந்தில் இருந்து வந்தது. அங்கே "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" என்ற பெயரில் ஓடிய காரின் மூன்றாவது வரிசைதான், இங்கே அம்பாசிடர் ஆயிற்று.

முதலில் அதில் இருந்தது "சைடு வால்வு" என்ஜின். வால்வு என்றால் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிற சின்ன அறைகள் உண்டு. பெட்ரோலும் காற்றும் உள்ளே வர ஒரு கதவு. எரிந்த புகை வெளியே போக ஒரு கதவு. சைடு வால்வு என்ஜினில் இந்தக் கதவுகள் அறைக்குப் பக்கத்தில் இருந்தன. காற்று வளைந்து நெளிந்துதான் உள்ளே போக வேண்டும். வெயில் காலத்தில் ஜன்னல் இல்லாத அறையில் படுத்தவனைப் போல, என்ஜின் மூச்சு முட்டியது. இத்தனை பெரிய உடம்பை இழுக்க அதற்குத் திணறல்தான்.

1959-ல் கதவுகளை அறையின் கூரைக்கு மாற்றிய என்ஜின் வந்தது. அளவு 1489 சி.சி. சக்தி 55 குதிரை. "எம்.ஜி.ஏ." என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குடும்பத்து என்ஜின்தான்! அண்ணன் பந்தயத்தில் ஓடினான். தம்பி நம் ஊர்க் கல்யாணங்களுக்கு ஓடினான்.

அதன் பிறகு இருபது ஆண்டுகள் "மார்க் 2", "மார்க் 3" என்று பெயர்கள்தான் மாறின. என்ஜின் மாறவில்லை. 1980-ஐ ஒட்டி டீசல் அம்பாசிடர் வந்தது. அதன் சக்தி 37 குதிரைதான். மேடு வந்தால் மூச்சு வாங்கும். நின்றாலும் உடம்பெல்லாம் நடுங்கும். இருந்தும் டாக்சிக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். காரணம் எளிது. டீசல் விலை குறைவு. ஒரு லிட்டரில் போகும் தூரமும் அதிகம்.

ஜப்பான்காரன் வந்தான்

உண்மையான மாறுதல் இசுசு என்ஜினோடு வந்தது. இது ஜப்பான் நாட்டு என்ஜின். மத்தியப் பிரதேசத்தில் பீதாம்பூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைச் செய்தது.

இதை முதலில் வைத்தது அம்பாசிடரில் அல்ல. 1984-ல் வந்த "காண்டெசா" காரில்தான். காண்டெசா நீளமான, கம்பீரமான கார். ஆனால் தொடக்கத்தில் அதற்கும் பழைய 1489 சி.சி. என்ஜினையே வைத்திருந்தார்கள். வண்டியைப் பார்த்தால் யானை. ஓட்டிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி! பிறகு இசுசு என்ஜினை வைத்தார்கள். காண்டெசாவின் மானம் காப்பாற்றப்பட்டது.

1990-களின் தொடக்கத்தில் அதே என்ஜின் அம்பாசிடருக்கும் வந்தது. அளவு 1817 சி.சி. சக்தி 75 குதிரை. 55 எங்கே, 75 எங்கே! நான்கு கியர் ஐந்து கியர் ஆயிற்று. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கியது. முன் சீட்டில் நடுவில் உட்கார்ந்து வந்த சின்னப் பையனுக்குத்தான் இடம் போயிற்று.

பட்டறையில் நடப்பது என்ன?

புதிய அம்பாசிடர் வாங்கியவர்களுக்குத் தொல்லை இல்லை. எல்லாவற்றையும் தொழிற்சாலையே பொருத்திக் கொடுத்துவிட்டது. அப்பா வாங்கிய பழைய வண்டியை வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? வண்டியை விற்க மனம் வராது. பெட்ரோல் செலவும் கட்டாது. அவர்கள் பட்டறையைத் தேடிப் போனார்கள்.

மோதி நொறுங்கிய வண்டியில் இருந்து எடுத்த இசுசு என்ஜின் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காதவர்கள் மெட்டடார் வேனின் டீசல் என்ஜினைக்கூட வாங்கி வைத்தார்கள்.

பழைய என்ஜினைக் கழற்றுவது பெரிய காரியம் அல்ல. போல்ட்டுகளை அவிழ்த்து, செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கினால் வெளியே வந்துவிடும். புதியதை உட்கார வைப்பதில்தான் மெக்கானிக்கின் கைத்திறன் தெரியும். மருமகள் வீட்டுக்கு வந்தால், வீட்டில் உள்ள எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

என்ஜின் உட்காரும் ரப்பர் கட்டைகள் பழைய இடத்தில் பொருந்தா. புதிய தாங்கிகளை வெல்டிங் வைக்க வேண்டும். ஆயில் நிற்கும் அடிச்சட்டி கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் இடிக்கக் கூடாது. ஸ்டியரிங் கம்பிகளிலும் உரசக் கூடாது. என்ஜினைக் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டால், ஓடும்போதெல்லாம் வண்டி உதறும்.

அடுத்தது கியர் பாக்ஸ். பழைய கியர் பாக்ஸின் வாயும் புதிய என்ஜினின் முதுகும் ஒட்டாது. என்ஜினோடு சேர்த்து அதன் கியர் பாக்ஸையும் வாங்கிவிடுவதே நல்லது. சிலர் செலவுக்குப் பயந்து, நடுவில் லேத்துப் பட்டறையில் கடைந்த ஒரு தகட்டை வைத்து இரண்டையும் இணைப்பார்கள். அந்தத் தகட்டின் மையம் மயிரிழை விலகினாலும் போதும், கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கியர் பாக்ஸின் நீளம் மாறினால், அங்கிருந்து பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டு போகும் நீண்ட தண்டின் நீளமும் மாற வேண்டும். அதை வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது. சுழற்றிப் பார்த்து எடையைச் சமன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வண்டி, வேகம் பிடித்ததும் தரைக்கு அடியில் இருந்து "டம டம" என்று மத்தளம் கொட்டும்!

இன்னும் இருக்கிறது. பெரிய என்ஜின் அதிகமாகச் சூடு ஆகும். அதற்குத் தக்க ரேடியேட்டர் வேண்டும். டீசல் என்ஜினில், எரிந்ததுபோக மிஞ்சிய டீசல் டாங்கிக்குத் திரும்பிப் போகத் தனிக் குழாய் வேண்டும். டீசல் என்ஜின், காற்றை மிகவும் அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறது. அப்படி அழுத்தும் என்ஜினைச் சுழற்றிக் கிளப்ப, பழைய பாட்டரியின் பலம் போதாது. பின் அச்சில் உள்ள கிரௌன் பினியனையும் பார்க்க வேண்டும். அதன் பல் கணக்கு பழைய என்ஜினின் சுழற்சிக்கு ஏற்றது. டீசல் என்ஜின் அவ்வளவு வேகமாகச் சுழலாது. பல் கணக்கை மாற்றாவிட்டால் என்ஜின் கத்தும், வண்டி ஓடாது.

"என்ஜின் விலை இவ்வளவுதானே" என்று கணக்குப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனவர்கள், என்ஜின் விலைக்குச் சமமாக இன்னொரு தொகையையும் எடுத்து வைக்க நேர்ந்தது இதனால்தான்.

ஓடுவது முக்கியமா, நிற்பது முக்கியமா?

இத்தனையும் செய்தவர்களில் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது பிரேக்!

55 குதிரைக்காகச் செய்த பிரேக், 75 குதிரையை அடக்க வேண்டி வருகிறது. 60 கிலோ மீட்டர் வேகத்தில் போன வண்டி 80-ல் போனால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் அதை நிறுத்தத் தேவையான உழைப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது! இது பள்ளிக்கூடப் பாடத்தில் உள்ள கணக்குத்தான்.

பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறவர், காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும். கொதித்த டிரம் விரியும். உள்ளே உள்ள பட்டையின் பிடிப்பும் குறையும். மிதித்தாலும் வண்டி நிற்காது. புதிய என்ஜின் எடை கூடியதாக இருந்தால் ஆபத்தும் கூடும்.

டீசலில் இன்னொரு சங்கதி. பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கும்படி உதவுகிற கருவி ஒன்று உண்டு. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் வேகமே அந்தக் கருவியை இயக்கிவிடும். டீசல் என்ஜினில் அந்த உறிஞ்சல் கிடையாது. அதற்குத் தனிப் பம்பு வைக்க வேண்டும். பம்பு வைக்காமல் வண்டியைக் கொடுத்தால், பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும்.

பிற்காலத்தில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்த அம்பாசிடர்களும் வந்தன. என்ஜின் மாற்றப் பணம் சேர்ப்பவர், முதல் பணத்தை அந்தப் பிரேக்குக்குத்தான் செலவழிக்க வேண்டும். குடும்பத்தோடு போகிற வண்டி. குழந்தைகள் உட்காருகிற வண்டி.

சட்டம் குறுக்கே நிற்கிறது

ஒவ்வொரு என்ஜினிலும் ஒரு எண் வெட்டப்பட்டிருக்கும். அந்த எண் ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் "இது திருட்டு என்ஜினா?" என்ற கேள்வி எழும். விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் தகராறு வரலாம்.

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. 2000-ம் ஆண்டில் அதைத் திருத்தி இறுக்கினார்கள். தொழிற்சாலை குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆகவே, கண்ட என்ஜினையும் வாங்கி வைத்துவிட்டு, "பிறகு பதிந்துகொள்ளலாம்" என்று இருக்க முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

ஒரு வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கருவிகளைப் பொருத்தி, காஸ் அல்லது மின்சாரத்தில் ஓடும்படி வண்டியை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் அனுமதியும் பதிவும் உண்டு.

டீசலுக்கு மாறுவதில் இருந்த லாபமும் கரைந்துவிட்டது. பெட்ரோல் விலையின் மீது இருந்த அரசாங்கக் கட்டுப்பாடு 2010-லும், டீசல் விலையின் மீது இருந்தது 2014-லும் நீங்கின. இரண்டு விலைக்கும் இருந்த தூரம் சுருங்கியது.

ஐம்பது வயதுக்கு மரியாதை

இப்போது பழைய அம்பாசிடரை வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். "ஓடாத வண்டி எதற்கு? நல்ல என்ஜினை வை, ஏ.சி.யைப் போடு, ஊருக்குப் போ" என்பது ஒரு கட்சி. "என்ஜினை மாற்றினால் அது அப்பாவின் கார் அல்ல" என்பது மறு கட்சி.

இரண்டாவது கட்சிக்கு 2021-ல் பலம் கூடியது. 50 வயது கடந்த பழங்காலக் கார்களுக்கு மத்திய அரசாங்கம் அந்த ஆண்டு தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. அந்தக் கார்களின் நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்துகள் இருக்கும். புதிதாகப் பதிய கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை: கார் அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சட்டத்திலும் உடம்பிலும் என்ஜினிலும் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது.

1975-ல் உத்தர்பாராவில் இருந்து புறப்பட்ட அம்பாசிடருக்கு 2025-ல் 50 வயது நிறைந்துவிட்டது. டீசலுக்கு ஆசைப்பட்டு அதன் பழைய 1489 சி.சி. என்ஜினைக் கழற்றியவர்கள் பலர், அதை அன்றே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, மாட்டுக் கொட்டகையின் மூலையில் போட்டு வைத்தவர்கள் சிலர்தான். அந்தச் சாக்கைப் பிரித்து, எண்ணைத் துடைத்துப் பார்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும் நேரம் அவர்களுக்கு இப்போது வந்திருக்கிறது.