அலைவாய்க்கரைக் குடிகள்

கடலுக்கும் தரைக்கும் எல்லை எதுவென வினவினால் விடை கூறுதல் எளிதன்று. பெருக்கின்போது கடலாயிருந்த இடம் வற்றின்போது தரையாகிவிடுகின்றது. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடைமை மாறும் இந்நிலத்தை வற்றுப்பெருக்கிடை வலயம் என்பர். கனடா நாட்டிலுள்ள பண்டி விரிகுடாவிலே நீர்மட்டம் 16 மீற்றர் வரை ஏறி இறங்கும். நமது இலங்கைக் கரையிலோ அவ்வேறுபாடு 1 மீற்றருக்கும் குறைவு. ஆதலின் நமது கரைகளிற் பெரும்பாலானவற்றில் இவ்வலயம் ஒடுங்கியதே. எனினும், அவ்வொடுங்கிய நிலத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டு வாழும் நண்டினங்களின் ஒழுங்கு நாம் கூர்ந்து நோக்குதற்குரியது.

நம் முன்னோர் அதனை நோக்காமலிருந்தாரல்லர். ஞெண்டு, அலவன், கள்வன் எனப் பல பெயர்களால் நண்டை அழைத்தனர். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியிலே ‘கள்வன் பத்து’ என வயல் நண்டுக்கென்றே பத்துப் பாடல்கள் அமைந்துள்ளன. நெய்தற் பாடல்களிலே மகளிர் கடற்கரையில் அலவனை ஓட்டி விளையாடுதலைக் காண்கிறோம்.

மணற்கரையில்

நண்டு மீனைப் போலவே பூக்களாற் சுவாசிப்பது. பூக்கள் ஈரமாயிருக்கும் வரையிற்றான் அவற்றால் ஒட்சிசனைப் பெற முடியும். ஆகவே, கரையேறி வாழும் ஒவ்வொரு நண்டுக்கும் முதற் பிரச்சினை ஈரமேயாம். அதனை எவ்வாறு தீர்த்துக்கொள்கின்றது என்பதைப் பொறுத்தே ஒரு நண்டு கரையில் எவ்வளவு தூரம் மேலே குடியேறலாம் என்பது பெரும்பாலும் அமைகின்றது.

மணற்காட்டிலும் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலும் மணல் நிறத்தோடு நிறமாய் ஒன்றி, நிழல் அசைந்தாற்போல ஓடி மறையும் நண்டைப் பலர் கண்டிருப்பர். ஆங்கிலேயர் அதனைப் பேய் நண்டு என்றனர். அலை எட்டாத மேட்டிலே ஆழமான வளை தோண்டி, வெயில் வேளையில் அதனுள் ஒடுங்கியிருக்கும். கால்களின் அடியிலுள்ள மயிர்க்கற்றையினால் ஈர மணலிலிருந்து நீரை உறிஞ்சிப் பூக்களை நனைத்துக்கொள்ளும். எனினும் கடலை முற்றாகத் துறக்க அதனால் இயலாது. முட்டை பொரிக்குங் காலத்திற் பெண் நண்டு அலையோரம் வந்து குஞ்சுகளைக் கடலிலேயே விடவேண்டும்.

சேற்றிலும் பாறையிலும்

கடனீரேரியின் சேற்று நிலத்திலே ஒரு கை மாத்திரம் பெருத்த சிறு நண்டுகள் கூட்டங்கூட்டமாய் வாழ்கின்றன. அப்பெருங்கை ஆணுக்கே உரியது. அதனை மேலும் கீழும் அசைத்து அது பெண்ணை அழைக்கும். பிற ஆண்களை எச்சரிக்கும். உணவெடுப்பதற்கு எஞ்சிய சிறு கையே உதவும். பெண்ணுக்கோ இரு கைகளும் சிறியன. நீர் வற்றியதும் வெளிவந்து சேற்றிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்று, நீர் பெருகும்போது வளையினுட் புகுந்து வாயிலைச் சேற்றினால் அடைத்துக்கொள்ளும்.

பாறைக் கரையில் வளை தோண்ட இயலாது. அங்கு வாழும் நண்டின் உடல் தட்டையானது. கால் நுனிகள் கூரியன. அலை மோதும்போது பாறையை இறுகப் பற்றவும், ஆபத்து வந்தால் வெடிப்பினுள் நுழையவும் அவ்வமைப்பு துணைசெய்கின்றது.

கண்டற்காட்டின் உழவர்

இவையனைத்தினும் நமக்கு மிகுந்த பயன் தருவன கண்டற்காட்டு நண்டுகள் எனலாம். ஒஸ்திரேலியாவின் வட குயின்சுலாந்திலே செய்த ஆராய்ச்சியொன்றில், உதிர்ந்த கண்டலிலைகளிற் காற்பங்குக்கும் மேலானவற்றை நண்டுகளே இழுத்துச் சென்றமை தெரியவந்தது. அவ்விலைகள் கடலோடு போகாது அம்மண்ணுக்கே உரமாகின்றன. அதே பகுதியில் நிகழ்ந்து 1991இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியிலே சில இடங்களிலிருந்து நண்டுகளை அகற்றிவிட்டுப் பார்த்தனர். வளைகள் குறையவே மண்ணினுள் காற்றோட்டம் குன்றிற்று. நச்சுத்தன்மையுள்ள சல்பைட்டு மிகுந்தது. மரங்களின் வளர்ச்சியும் காய்ப்பும் தளர்ந்தன. உழவன் இல்லாத வயலுக்கு நேர்வதே நண்டில்லாத கண்டற்காட்டுக்கும் நேர்ந்தது.

கண்டலோ கரையைக் காப்பது; இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டிலாவது. ஆகவே, ஒரு விரற்கடை அளவான நண்டின் வாழ்வும் கடற்றொழிலாளர் வீட்டு அடுப்பும் ஒரு தொடரிற் கட்டுண்டவை என்பதை நாம் மறத்தல் தகாது.

நம் கடமை

இக்குடிகளின் நிலம் இன்று நாற்புறமும் நெருக்கப்படுகின்றது. விறகுக்காகவும் இறாற் பண்ணைக்காகவும் கண்டல்கள் வெட்டப்பட்டன. கடற்கரை மணல் அள்ளப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னுங் கப்பல் தீப்பற்றியபோது, அதிலிருந்த பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையெங்கும் குவிந்தன. அலை ஒதுக்கிய அவ்வரிசையே பேய் நண்டு இரை தேடும் இடமுமாகும். வாகனங்கள் ஓடும் கடற்கரைகளிற் பேய் நண்டின் வளைகள் குறைந்துவிடுதலையும் ஒஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆதலின், வளைகளின் தொகை ஒரு கரையின் நலத்தை அறிவிக்கும் நாடித்துடிப்பு எனக் கொள்ளத்தகும்.

அந்நாடியைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நாலு தடிகளும் ஒரு கயிறும் போதும். மாணவர் விடுமுறை நாளொன்றில், நீர் வற்றியிருக்கும் வேளையிலே, ஒவ்வொரு பக்கமும் 1 மீற்றர் கொண்ட சதுரமொன்றை மணலிற் கட்டி, அதனுள் உள்ள வளைகளை எண்ணுக. நீரோரந் தொடங்கி அடம்பன் கொடி படரும் மேடு வரையிற் பல இடங்களில் இவ்வாறு எண்ணிக் குறித்துக்கொள்க. வளையின் வாய் எவ்வளவு அகலமென்பதையும் அளந்து எழுதுக. நண்டைப் பிடித்துக் காலொடித்தல் வேண்டா; வளையை மிதித்துத் தூர்த்தலும் வேண்டா. அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அதே இடத்திற்குச் சென்று எண்ணுக. இரு ஆண்டுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன், தன் ஊர்க் கரையைப் பற்றி எந்தப் பாடநூலிலும் இல்லாத செய்தியொன்றை அறிந்தவனாவான். அச்செய்தியைத் தன் வீட்டாருக்கும் ஊராருக்கும் எடுத்துரைத்தல் அவன் கடனாகும்.