கணினியில் அல்ல, கம்பத்தில் தொடங்கும் பழுது

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அண்டை மாநிலங்களிலிருந்தும் பணியாளர்கள் வந்து கம்பம் நட்டனர். அப்படியிருந்தும் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் இல்லாத நாள்களின் துயரம் பலராலும் எழுதப்பட்டுவிட்டது. மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் உள்ள ஆபத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. சித்திரை வைகாசியின் கோடை இடியோ, கம்பி மீது சாய்ந்த ஒரு தென்னை மட்டையோ போதும். மின்தடைக்குப் பிறகு விளக்கு எரிகிறது. கணினி மட்டும் எழுவதில்லை. பட்டா நகல் எடுத்துத் தரும் சேவை மையமோ, பேரூராட்சிக் கடைவீதியின் கணக்கு அலுவலகமோ, கல்லூரி மாணவியின் வீடோ, எதுவானாலும் உரிமையாளர் உடனே பழுது நீக்குபவரைத் தேடுகிறார். அவரும் 'எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது' என்று கூறிப் புதியதைப் பொருத்துகிறார். இரண்டு நாள்களில் அதுவும் போகிறது. பழுதைத் தேட வேண்டிய இடம் வேறு என்பதே இதற்குக் காரணம்.

தெருவில் செல்லும் மின்பாதையில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் உண்டு. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே ஏறக்குறைய 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தாலோ அதன் இணைப்பு தளர்ந்தாலோ, வெவ்வேறு பேஸ்களில் உள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். பங்கீடு சமமாக இராது. மோட்டாரும் கிரைண்டரும் ஓடும் வீட்டுக்குக் குறைந்த மின்னழுத்தமே கிடைக்கும். ஒரு விளக்கும் ஒரு கணினியும் மட்டும் இயங்கும் வீட்டின் மீது 300 வோல்ட்டுக்கும் மேல் பாயக்கூடும். ஒரு வீட்டில் விளக்கு மங்க, அடுத்த வீட்டில் மின்விசிறி வெறிகொண்டதுபோல் சுழன்றால் ஐயமே வேண்டாம், நியூட்ரல் கோளாறுதான். அக்கணமே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

கணினியின் எஸ்.எம்.பி.எஸ். தனக்குள் வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. 230 வோல்ட் வரும்போது உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். அதைத் தாங்கும் கெப்பாசிட்டர்கள் பொதுவாக 400 வோல்ட் அளவுக்கே செய்யப்படுகின்றன. வெளியிலிருந்து 350 வோல்ட் வந்தால் உள்ளே 490 வோல்ட்டைத் தாண்டும். கெப்பாசிட்டர் உப்பும் அல்லது வெடிக்கும். கருகிய வாடை அதற்குச் சாட்சி.

இடியின் தாக்குதல் வேறு வகையானது. நொடியின் மிகச் சிறு கூறில் வந்து முடிந்துவிடும். விலை கூடிய 'ஸ்பைக் கார்டு' அந்தச் சிறு துள்ளலை ஓரளவு தாங்கும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் நியூட்ரல் கோளாறை அது தாங்காது, தானும் எரிந்துபோகும். கடைகளில் 'இதை மாட்டினால் கவலையில்லை' என்று விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. இடிக்கு எஞ்சியுள்ள எளிய காப்பு, செருகியைப் பிடுங்கி வைப்பதுதான். சுவிட்சை அணைப்பது போதாது. இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும், அவ்வழியாகவும் மின்துள்ளல் மதர்போர்டை வந்தடையும்.

ஆகவே ஆய்வு மீட்டர் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மின்னழுத்தத்தை அளக்கச் செய்யுங்கள். அது 216 முதல் 244 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 6 விழுக்காடு ஏற்ற இறக்கமே ஏற்கத்தக்கது. எர்த் இணைப்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். செம்மண்ணும் சரளையும் நிறைந்த நம் மாவட்டத்தில் கோடைக்காலத்தில் மண் உலர்ந்து, எர்த் குழி பெயரளவுக்கே இருக்கும். அதில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நம் வீடுகள் மறந்தே போயின.

மின்பாதை சரி என்று உறுதியான பிறகே கணினியைத் தொட வேண்டும். செருகியைப் பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் விட்டுவைத்தால், தற்காப்பாகத் தன்னை நிறுத்திக்கொண்ட எஸ்.எம்.பி.எஸ். மீண்டும் இயங்குவதுண்டு. இல்லையேல் அதைக் கணினியிலிருந்து முழுவதும் பிரித்து, பெரிய செருகியின் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியுடன் இணைத்துச் சோதிக்கலாம். விசிறி சுற்றுவது மட்டும் நலத்துக்குச் சான்றாகாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கலாகாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தேங்கியிருக்கும்.

புதிய எஸ்.எம்.பி.எஸ். வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொருத்துவதுதான் பழுது நீக்குமிடங்களில் நான் காணும் பெரிய அவசரம். முதலில் மதர்போர்டு, ஒரே ஒரு நினைவக அட்டை, திரை ஆகியவை மட்டும் போதும். வன்தட்டு கடைசியாகவே சேர வேண்டும். கணினியில் விலைக்கு வாங்க இயலாத பகுதி அது ஒன்றுதான். பத்தாண்டு வாடிக்கையாளர் கணக்கும், ஆய்வேட்டின் வரைவும், மறைந்த பெற்றோரின் ஒளிப்படங்களும் அதில்தான் உள்ளன.

வன்தட்டு சுழலாவிட்டால் அதே ரகத்தின் வேறொரு சர்க்யூட் பலகையை மாற்றிவிடலாம் என்று சிலர் முன்வருவர். அண்மைக்கால வன்தட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அளவீடுகள் அந்தப் பலகையின் சிறு சில்லில் பதிந்திருக்கும். அச்சில்லையும் இடம் மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பயனில்லை. தரவு முக்கியமெனில் மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல், தரவு மீட்புக்கென்றே இயங்கும் ஆய்வகத்திடம் ஒப்படைப்பது நல்லது.

இழப்பு முழுவதையும் நுகர்வோர் தலையிலேயே கட்டும் வழக்கம் நியாயமன்று. தளர்ந்த நியூட்ரல் மின்வாரியத்தின் பாதையில் இருக்கும்போது, அதைப் பராமரிக்கும் பொறுப்பும் வாரியத்துடையதே. புயலுக்குப் பின் கம்பம் நடும் வேகம் பாராட்டுக்குரியது. ஆயினும் மின்மாற்றிக்கு உயிரூட்டும் முன் ஒவ்வொரு கிளைப்பாதையிலும் நியூட்ரல் தொடர்ச்சியைச் சோதிப்பதும், மின்சாரம் வரும் நேரத்தை ஊராருக்கு முன்கூட்டி அறிவிப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

ஒரே மின்பாதையில் பல வீடுகளின் கருவிகள் ஒரே நேரத்தில் பழுதாகியிருந்தால், நேரத்தைக் குறித்துவைத்து, மீட்டர் அளவையும் கருகிய பாகங்களையும் படமெடுத்து, மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் முதலில் புகார் பதிவு செய்து எண் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், மின்பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் பாதிக்கப்பட்ட வீட்டார் அனைவரும் கையொப்பமிட்டு மனு அளிக்கலாம். எரிந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் அதுவரை பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.