தாழ்ந்த காரை லோரியில் ஏற்றுவது எப்படி?

மலேசியாவின் புரோட்டான் நிறுவனம் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸில் பெரும்பங்கை வாங்கியது. 2017இல் விற்கும் வரை அது நம் நாட்டுக் கையில்தான் இருந்தது. லோட்டஸின் எலீஸ் என்ற இரண்டு இருக்கைக் கார் விற்பனைக்கு வந்ததும் அதே 1996இல்தான். 2021இல் உற்பத்தி நின்றுவிட்டாலும், இந்தக் காரையும் இதன் இனத்துக் கார்களையும் பொத்திப் பாதுகாக்கிறவர்கள் இங்கே உண்டு. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு தலைநகரிலிருந்து கோல சிலாங்கூர் வருவது சுலபமாகிவிட்டது. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கவும் கடல் உணவு சாப்பிடவும் வருகிற வண்டிகளுக்கு நடுவே இப்படிப்பட்ட ஒன்றும் எப்போதாவது கண்ணில் படும்.

அது பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்து முனையில் நின்றுவிட்டால் உதவிக்குப் பஞ்சம் இருக்காது. யாராவது டிராக்டரும் சங்கிலியுமாக வந்துவிடுவார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்தச் சங்கிலிதான் இந்தக் காருக்கு முதல் எதிரி.

உடம்பு வேறு, எலும்பு வேறு

சாதாரணக் காரில் இரும்புத் தகடும் சட்டமும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக இருக்கும். எலீஸ் அப்படியல்ல. அலுமினியத்தை நீள்குழாய்களாகப் பிதுக்கி எடுத்து, எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்த சட்டம்தான் அதன் எலும்பு. அந்தச் சட்டத்தின் எடை 70 கிலோகூட வராது. மேலே போர்த்தியிருப்பது ஃபைபர்கிளாஸ் தோல். முதல் தலைமுறை எலீஸின் மொத்த எடை சுமார் 725 கிலோ. பெரோடுவா மைவியைவிடக் குறைவு.

ஃபைபர்கிளாஸ் என்பது கண்ணாடி இழைகளைப் பிசினில் ஊறவைத்து இறுக்கியது. பாரம் பரவலாக விழுந்தால் தாங்கும். ஒரே புள்ளியில் அழுத்தினால் இரும்பைப்போல நெளியாது, விரிசல் விடும். பம்பர் என்று நாம் நினைக்கும் இடத்துக்குப் பின்னால் இரும்புச் சட்டம் இருக்காது. எனவே அங்கே கொக்கி மாட்டினால் மூக்கு பெயர்ந்து கையோடு வரும். நிறைகுடத்தை வாய் விளிம்பில் பிடித்துத் தூக்கமாட்டோம், அடியில் கை கொடுப்போம் அல்லவா? இந்தக் காரிலும் பாரத்தை ஏற்கக்கூடிய இடங்கள் சிலவே. அவை எவை என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

பிடிக்கத் தகுந்த இடங்கள்

முதலாவது, இழுவை வளையம். இன்றைய பல கார்களில் இது கருவிப் பையில் தனியாக இருக்கும். மூக்கில் உள்ள சிறு மூடியைக் கழற்றி, மரை முழுவதும் உள்ளே போகும்வரை திருக வேண்டும். அரைகுறையாகத் திருகினால் இழுக்கும்போது வளைந்துவிடும். நேராக இழுப்பதற்குத்தான் இது, பக்கவாட்டில் இழுக்கக்கூடாது. காரை லோரி மேடையில் மெதுவாக ஏற்றுவதற்கே இதைப் பயன்படுத்தலாம், சாலையில் கட்டி இழுத்துப் போவதற்கு அல்ல.

இரண்டாவது, சக்கரங்கள். காரின் எடையை எந்நேரமும் சுமப்பவை அவைதான். மேடையில் கட்டும்போது அவற்றை நம்பலாம்.

மூன்றாவது, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த ஜாக்கி இடங்கள். அடியில் தட்டையாகத் தெரிகிற இடமெல்லாம் ஜாக்கி வைக்கும் இடமல்ல. பெரும்பகுதி மெல்லிய அலுமினியத் தகடு. கைப்புத்தகம் கையில் இல்லையென்றால் ஜாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஏன் கேரியர் லோரியே வேண்டும்

இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டி இங்கே உதவாது. முன்பக்கத்தைத் தூக்கினால் வால் தரையில் உரசும். பின்பக்கத்தைத் தூக்கினால் மூக்கு உரசும். எலீஸில் இயந்திரம் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது, அது சுழற்றுவதும் பின்சக்கரங்களைத்தான். எனவே முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் கியர்பெட்டியின் உள்பாகங்கள் வழியெல்லாம் சுழலும். நான்கு சக்கரமும் மேடையில் ஏற வேண்டும். மேடை சாய்ந்து பின்னால் சரிந்து இறங்கும் கேரியர் லோரியைக் கேளுங்கள்.

அதிலும் சரிவைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து மூக்கு நுனி 80 சென்டிமீட்டர் முன்னால், தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 8 அடிக்கு 1 அடி ஏறும் சரிவிலேயே மூக்கு இடித்துவிடும். கோணக் கணக்கில் இது சுமார் 7 டிகிரி. சாய்ந்த மேடை பெரும்பாலும் இதைவிடச் செங்குத்தாக நிற்கும்.

வழி எளிது. மேடை முனைக்கு முன்னால் தடித்த பலகைகளைப் படிப்படியாக அடுக்கி, முதல் ஏற்றத்தை 10க்கு 1 அளவுக்குத் தணியுங்கள். 15 சென்டிமீட்டர் உயர ஒன்றரை மீட்டர் நீளம் தேவைப்படும். லோரியின் பின்சக்கரங்கள் தாழ்வான இடத்தில் நிற்கும்படி நிறுத்தினாலும் சரிவு குறையும். தனியாக மாட்டும் ஏற்றப்பலகையும் நிலையான மேடையும் கொண்ட டிரெய்லரில் இன்னொரு சிக்கல் உண்டு: முன்சக்கரம் மேடையேறும் கணத்தில் வயிறு விளிம்பில் தட்டும். ஒருவர் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தோட்டத்து மண்

1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது இந்த வட்டாரத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தான். இங்குள்ள தோட்டப் பாதைகள் குலை ஏற்றும் லோரிக்கும் டிராக்டருக்கும் போட்டவை. நடுவே மண் மேடு, இருபுறமும் சக்கரத் தடம், ஓரத்தில் கால்வாய். கடற்கரைப் பக்கம் களிமண். சில இடங்களில் சதுப்பு மண். மழை பெய்தால் கேரியர் லோரியே புதைந்துவிடும்.

ஆகவே லோரியைத் தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு, காரை அங்கே கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். எடை குறைவு என்பதால் நாலைந்து பேர் தள்ளினாலே நகரும். தகட்டின் நடுவில் கை வைக்காமல், டயரைப் பிடித்து உருட்டுவது நல்லது. சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை விடுவித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். இயந்திரம் ஓடாதபோது சில கார்களில் பிரேக் கல்லாகிவிடும். பலமாக மிதிக்க வேண்டிவரும்.

கார் கால்வாயில் இறங்கிவிட்டால் இழுக்கவே இழுக்காதீர்கள். கரையின் விளிம்பு அடிப்பாகத்தை வழித்துவிடும். சக்கரங்களில் அகலப் பட்டை மாட்டி, பட்டைகள் உடம்பை நெரிக்காதபடி மேலே குறுக்குக் கம்பி கொடுத்து, கிரேன் லோரியால் நேர் மேலே தூக்க வேண்டும்.

கட்டும் முறை

காரை மேடைக்கு இழுக்கும் வின்ச்சை நிதானமாக ஓட்டுங்கள். கார் மேடையில் நேராக நின்றதும் ஹேண்ட்பிரேக், கியர், சக்கரக் கட்டை மூன்றையும் போடுங்கள். பிறகு ஒவ்வொரு டயரின் மேலும் துணிப்பட்டையைச் சுற்றி ராட்செட்டால் இறுக்குங்கள். அலுமினியச் சட்டத்திலோ சஸ்பென்ஷன் கரங்களிலோ சங்கிலி கூடாது. டயரில் கட்டினால் மேடு பள்ளத்தில் காரின் உடம்பு தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும், கட்டு தளராது. உடம்பைக் கீழே அழுத்திக் கட்டினால் ஒவ்வொரு குழியிலும் பட்டை தொய்ந்து மீண்டும் வெட்டி இழுக்கும்.

எவ்வளவு பலம் வேண்டும்? ஐரோப்பியச் சரக்குக் கணக்குப்படி முன்னோக்கி எடையின் 0.8 பங்கும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கும் தாங்க வேண்டும். 900 கிலோ காருக்கு முறையே 720, 450 கிலோ. கார் ஏற்ற விற்கப்படும் நல்ல 50 மில்லிமீட்டர் பட்டைகள் நான்கு இதற்குத் தாராளம். கிழிந்ததும் வெயிலில் வெளுத்ததும் வேண்டாம். புறப்பட்டுச் சில கிலோமீட்டரில் நிறுத்தி, இறுக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

போனில் சொல்ல வேண்டியவை

தவறான லோரி வருவதாலும் சேதம் நேர்கிறது. காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைத்து இவற்றைச் சொல்லுங்கள்:

- கார் மிகத் தாழ்வானது, உடம்பு ஃபைபர்கிளாஸ்.
- பின்சக்கர ஓட்டம். சக்கரங்கள் உருளுமா, ஸ்டீயரிங் திரும்புமா.
- நிற்கும் இடம் தாரா, மண்ணா.
- கேரியர் லோரி, பலகைகள், டயர் பட்டைகள் வேண்டும்.

இலவச இழுவைக்குப் பல பாலிசிகளில் தூர வரம்போ தொகை வரம்போ உண்டு. மிச்சம் யார் கொடுப்பது என்று முன்பே கேளுங்கள். அழைக்காமலே வந்து நிற்கிற இழுவை லோரியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஏற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் சில நேரம் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டிவரும். மழை கொட்டுகிறது, பலகை போதவில்லை, மூக்கு கொஞ்சம் உரசும்போல் இருக்கிறது. அப்போது மூக்கை விட்டுக்கொடுங்கள். ஃபைபர்கிளாஸ் விரிசலைத் தேய்த்து, இழையும் பிசினும் பூசி, சாயம் அடித்துவிடலாம். பசையால் ஒட்டிய அலுமினியச் சட்டத்தை வளைத்துவிட்டால் வெல்டிங்கும் கைகொடுக்காது. சூட்டில் பசையே செத்துவிடும். மூக்கைக் காப்பாற்றுவதற்காகச் சட்டத்தில் கொக்கி போடுகிறவர் சில நூறு ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப்போய்க் காரையே இழக்கிறார்.